ஐந்து வெள்ளி மருத்துவமனையிலும் கடனாளியாகும் குடும்பங்கள்: புற்றுநோய்ச் செலவும் ஆய்வின் பங்கும்

2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நம் நாட்டில் 168,822 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டுள்ளது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு தரும் கணக்கு இது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 115,238 ஆக இருந்தது. மக்கள்தொகை கூடியிருக்கிறது, ஆயுள் நீண்டிருக்கிறது, பரிசோதனையும் பதிவும் மேம்பட்டிருக்கின்றன. ஆகவே எண்ணிக்கை உயர்ந்ததற்கு ஓரளவு விளக்கம் உண்டு.

விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாத எண் வேறொன்று. நோய் கண்டறியப்பட்டவர்களில் 65.1 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். முந்தைய ஐந்து ஆண்டுகளில் இது 63.7 விழுக்காடு. அதாவது மூன்று பேரில் இருவர் தாமதமாக வருகிறார்கள், அந்த நிலை சற்றும் மாறவில்லை. தாமதமாக வந்தால் உயிருக்கு ஆபத்து என்பதை எல்லாரும் அறிவோம். செலவும் பல மடங்காகும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. முதல் கட்டத்தில் ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது, நான்காம் கட்டத்தில் மாதக் கணக்கில் கீமோ, விலை உயர்ந்த மருந்துகள், வேலை இழப்பு என்று நீள்கிறது.

"ஆராய்ச்சி வளர்ந்திருக்கிறதே, செலவு ஏன் குறையவில்லை?" என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. நியாயமான கேள்விதான். விடை தேடும்முன், நம் குடும்பங்களின் பணம் உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஐந்து வெள்ளிக்குப் பின்னால் இருக்கும் செலவு

அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்கள் கட்டுவது 5 வெள்ளி. சாதாரண வெளிநோயாளிப் பிரிவில் 1 வெள்ளி. உலகில் பல நாடுகளில் இப்படி ஒரு வசதி இல்லை. இதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனாலும் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிர்மலா பூபதியும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு படத்தைக் காட்டுகிறது. புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 1,294 மலேசியர்களை அவர்கள் ஓராண்டுக்குப் பின்தொடர்ந்தார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ கைப்பணமாக நோய்க்குச் செலவாகியிருந்தால் அதைப் பொருளாதாரப் பேரிடர் என்று வகுத்துக்கொண்டார்கள். ஆய்வில் இருந்தவர்களில் 51 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அந்தப் பேரிடரில் சிக்கியிருந்தார்கள். தனியார் மருத்துவமனை நோயாளிகளில் இது 72 விழுக்காடு, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 65 விழுக்காடு. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலோ 33 விழுக்காடு.

ஐந்து வெள்ளி கட்டணம் உள்ள இடத்திலும் மூவரில் ஒருவர் வீழ்கிறார் என்றால், கட்டணத்துக்கு வெளியே பெரிய செலவு இருக்கிறது என்று பொருள். கதிரியக்கச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் சுகாதார அமைச்சின் கதிரியக்கச் சிகிச்சை நெடுங்காலமாகக் கோலாலம்பூர் மருத்துவமனை, புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களையே நம்பியிருந்தது. இவற்றோடு பல்கலைக்கழக மருத்துவமனைகள் சில உள்ளன. அரசாங்கச் செலவில் தனியார் மையங்களுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. ஆனால் சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ இருக்கும் ஒருவருக்கு, வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் நடக்கும் சிகிச்சை என்றால் என்னவாகும்? வேனுக்குப் பணம், தலைநகரில் தங்க இடம், கூட வருபவரின் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். நோயாளியின் சம்பளம் நிற்கிறது, துணைக்கு வருபவரின் சம்பளமும் சேர்ந்து நிற்கிறது.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. மருத்துவ விடுப்புச் சம்பளம் இல்லாத குத்தகை வேலைக்கோ நாட்கூலிக்கோ போகிறவர் 25 நாள் சிகிச்சைக்குப் போனால் 1,625 வெள்ளி இழக்கிறார். ஏறக்குறைய ஒரு மாத வருமானம். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இரண்டு மாத வருமானம். மருந்துக்கு ஒரு காசு கூடக் கொடுக்காமலேயே ஏற்படும் இழப்பு இது.

இதற்கு மேல் சத்துமாவு, மூலிகை, "நிச்சயம் குணமாகும்" என்று விற்கப்படும் பாட்டில்கள். பயந்திருக்கும் குடும்பத்திடம் விற்பது எளிது. அந்தப் பணம் போன வழி எந்த ரசீதிலும் இருக்காது.

தனியார் மருத்துவமனையும் காப்புறுதியும்

பட்டணத்தில் வாழும் நம்மவர்களில் பலர், அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பயந்து மருத்துவக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குடையிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் பல நிறுவனங்கள் சந்தாவை 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்த்தப் போவதாகக் கடிதம் அனுப்பியதும் நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்க வேண்டும், 80 விழுக்காட்டுச் சந்தாதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அது அறிவித்தது.

உயர்வு நிற்கவில்லை, தவணையாகப் பிரிக்கப்பட்டது, அவ்வளவுதான். மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகும்வரை சந்தாவும் ஏறும். வயது 55, 60 ஆகும்போது, அதாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்போது, சந்தா கட்ட முடியாமல் காப்புறுதியைக் கைவிடுவோரின் நிலைதான் மிகவும் பரிதாபம். இருபது ஆண்டு கட்டியவர் தேவைப்படும் நேரத்தில் வெறுங்கையோடு அரசாங்க மருத்துவமனை வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்.

மருந்து ஏன் இந்த விலை?

இனி ஆய்வுக்கு வருவோம். புதிய புற்றுநோய் மருந்துகளின் விலையைக் கேட்டால், மருந்து நிறுவனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவாகிறது, பத்து மருந்தை முயன்றால் ஒன்றுதான் தேறுகிறது, அந்தப் பணத்தை மீட்க வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் இதுவல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் புற்றுநோய் மருந்து விலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் நிறுவனங்களுக்குச் சராசரியாக 14.50 டாலர் விற்பனை வருமானம் கிடைத்திருக்கிறது என்று அது கணக்கிட்டது. பெம்புரோலிசுமாப் என்ற ஒரே புற்றுநோய் மருந்து 2024இல் மட்டும் 29.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் விற்ற மருந்துகளின் வரிசையில் அதுதான் முன்னணியில் நின்றது.

அடிப்படை ஆராய்ச்சிக்கான பணம் யாருடையது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற 210 புதிய மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் ஒவ்வொன்றின் பின்னணியிலும் அந்நாட்டு அரசின் ஆய்வு நிதி இருந்ததைக் காட்டினார்கள். மக்கள் வரிப்பணத்தில் விதை போடப்படுகிறது, விளைச்சலுக்கு 20 ஆண்டுக் காப்புரிமை வேலி போடப்படுகிறது.

வேலி விலகினால் என்ன நடக்கும் என்பதற்கு இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் அதன் அசல் மருந்து மாதம் 120,000 ரூபாய் அளவில் விற்றபோது, உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தயாரித்தன. காப்புரிமை வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி அசல் நிறுவனத்தின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மருந்தின் வேதியியல் மாறவில்லை, விலை மட்டும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே நின்றது.

செலவைக் குறைக்கும் ஆய்வும் உண்டு

ஆய்வு என்றாலே புது மருந்து கண்டுபிடிப்பது என்று நினைக்கிறோம். "இருக்கும் சிகிச்சையைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஏழைகளுக்கு உடனே பயன்படுபவை இவையே. ஆனால் குறைவாக விற்பதற்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் தொண்டு அமைப்புகளும்தான் இவற்றை நடத்த வேண்டியிருக்கிறது.

முதல் எடுத்துக்காட்டு பிரிட்டனில் நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் 25 முறை, ஐந்து வாரம் கதிரியக்கம் கொடுப்பது பழைய வழக்கம். முந்தைய ஆய்வுகள் அதை 15 முறையாக, மூன்று வாரமாகக் குறைக்கலாம் என்று நிறுவின. அடுத்து 97 மருத்துவமனைகளில் 4,096 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 முறை கொடுப்பதும் அதே அளவு பலன் தருகிறது என்று அது காட்டியது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 25 நாள் என்றால் 1,625 வெள்ளி இழப்பு, 5 நாள் என்றால் 325 வெள்ளி. தங்குமிடச் செலவும் ஐந்தில் ஒரு பங்காகிறது. அதே இயந்திரத்தில் இன்னும் பல நோயாளிகளுக்கு இடம் கிடைப்பதால் காத்திருக்கும் வரிசையும் குறைகிறது. புது மருந்து எதுவும் இல்லாமலேயே இவ்வளவு மாற்றம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை. தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பாற்றல் மருந்து பயன்படுகிறது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு அது எட்டாக் கனி. அங்குள்ள மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் மருந்தை, விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்து 151 நோயாளிகளிடம் சோதித்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காடு. குறைந்த அளவு நிவோலுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. ஆனாலும் மருந்தே கிடைக்காதவருக்குச் சிறிதளவு கிடைத்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதை நிறுவியது.

மலேசியா செய்து காட்டியது

"இதெல்லாம் பெரிய நாடுகளுக்கு" என்று ஒதுங்க வேண்டியதில்லை. நம் நாடே ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது.

ஹெப்படைட்டிஸ் சி கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலைச் சிதைத்து, கடைசியில் கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியது. அதைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வெளியானபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்டது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் அந்தக் காப்புரிமையை அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தின் வழி கடந்து, விலை குறைந்த மாற்று மருந்தைக் கொண்டுவர முடிவு செய்தது. உலக வர்த்தக விதிகள் அனுமதிக்கும் வழிதான் அது. 2003இல் எச்ஐவி மருந்துகளுக்கும் நாம் அதே வழியைப் பயன்படுத்தினோம்.

அதோடு நிற்கவில்லை. சுகாதார அமைச்சு, லாப நோக்கமற்ற டிஎன்டிஐ என்ற மருந்தாய்வு அமைப்பு, எகிப்திய மருந்து நிறுவனம் ஒன்று ஆகியவை கைகோத்தன. ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். 2021 ஜூனில் அந்த மருந்துக்கு இங்கே நிபந்தனையுடன் கூடிய பதிவு வழங்கப்பட்டது. பல்லாயிரம் டாலர் சிகிச்சை சில நூறு டாலராக இறங்கி, அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. ஆய்வும் அரசியல் துணிச்சலும் சேர்ந்ததால் வந்த பலன் இது. இந்த முயற்சியைப் புற்றுநோய் மருந்துகளில் ஏன் தொடரக் கூடாது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் சமூகத்தின் கணக்கு

மார்பகப் புற்றுநோயில், 2012 முதல் 2016 வரையிலான பதிவேட்டின்படி 100,000 இந்தியப் பெண்களில் 38.1 பேருக்கு நோய் கண்டது. சீனப் பெண்களுக்கு அடுத்த இடம். வாய்ப் புற்றுநோயில் நம் சமூகத்தின் பங்கு நம் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் தோட்டப்புறத்திலிருந்து வந்த முதியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இன்றும் இருக்கிறது. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.

இதற்கும் ஓர் எளிய ஆய்வு வழி சொல்லியிருக்கிறது. கேரளாவில் திருவனந்தபுரத்தை ஒட்டிய பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, விளக்கு வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்தார்கள். இயந்திரம் இல்லை, ஊசி இல்லை. 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. முன்பு தோட்டத்து டிரஸ்ஸர் ஒவ்வொரு லயத்திலும் யாருக்கு என்ன நோய் என்று அறிந்திருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டண ஓரங்களுக்குப் பெயர்ந்த பின், அந்தப் பார்வை அற்றுப்போனது. அந்த இடத்தை நிரப்ப யாரும் வரவில்லை.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நடந்த முயற்சியும் குறிப்பிடத்தக்கது. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பெண்ணுக்கு அடுத்து எங்கே போவது, எந்தத் தேதி, யாரைக் கேட்பது என்று கைபிடித்து வழிகாட்ட ஒருவரை நியமிக்கும் திட்டம் அது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற ஆய்வு அமைப்பின் துணையோடு நடந்தது. முதல் ஆண்டிலேயே சிகிச்சையை முற்றாகக் கைவிட்டவர்களின் விகிதம் 11.5 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்தது. நோயைவிட வழி தெரியாத குழப்பமும் பயமும்தான் பலரைத் திருப்பி அனுப்புகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதலில், இருப்பதைப் பயன்படுத்துவோம். எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று வரத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் அதில் அடங்கும். ஊழியர் சேமநிதியில் கடுமையான நோய்களுக்குப் பணம் எடுக்கலாம். வேலை செய்ய முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு அதிகாரியை முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டும், கையில் இருப்பது கரைந்த பிறகு அல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளும் எச்பிவி சோதனை வந்துவிட்டது. கூச்சப்பட்டு ஒதுங்கியவர்களுக்காகவே மலாயாப் பல்கலைக்கழகத்தினர் 'ரோஸ்' திட்டத்தில் அதைப் பரப்பினார்கள்.

இரண்டாவது, மருந்தாய்வு என்றால் "எலி மாதிரி சோதிப்பார்கள்" என்ற பயத்தை விட வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகள் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடும் நடப்பவை. சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பலன் உறுதியில்லை, பக்கவிளைவும் வரலாம் என்பதையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும். "எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் இருக்கிறதா, டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்பதில் நட்டமில்லை. அதோடு "என் கதிரியக்கத்தை நாள் குறைத்துக் கொடுக்க முடியுமா?" என்றும் கேளுங்கள். எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் பொருந்துகிறவர் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது, நம் தலைவர்களிடமும் இயக்கங்களிடமும் கேட்க வேண்டியவை. நோயுற்றவருக்குக் காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வது ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் உதவும். கிள்ளான் போன்ற வழிகாட்டித் திட்டம் நம்மவர் அதிகம் வாழும் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் வந்தால் ஆண்டுதோறும் பல குடும்பங்கள் பிழைக்கும். தமிழ் பேசும் வழிகாட்டிகளை அமர்த்த நம் அறவாரியங்கள் முன்வரலாம். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரை உட்காரவைத்து வாய்ப் பரிசோதனை நடத்த எந்தச் சட்டமும் தடையில்லை. நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் மூன்றைக் கேட்கட்டும்: வட பகுதிக்கும் பேராக்குக்கும் போதுமான அரசாங்கக் கதிரியக்க வசதி, புற்றுநோய் மருந்துகளை மற்ற நாடுகளோடு சேர்ந்து மொத்தமாகப் பேரம் பேசி வாங்கும் ஏற்பாடு, செலவைக் குறைக்கும் ஆய்வுகளுக்கென்று தனி நிதி.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையை வெளியே காட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பவருக்கு அதனால் என்ன பயன்? அடுத்த பொதுக் கூட்டத்தில் உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியைப் பார்க்கும்போது, தொகுதியில் புற்றுநோயாளிகள் கதிரியக்கத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.